ஒன்றுமே நடக்கவில்லையா?

கேள்வி: 15,000 கனடிய டொலரில் எடுத்த 'ஸ்கினமரிங்க்' பேய்ப் படத்தை ஆகா ஓகோ என்கிறார்களே! பார்த்தேன். 100 நிமிடமும் சுவரும் கூரையும்தான். ஒன்றுமே நடக்கவில்லை. இதெல்லாம் ஒரு படமா?
– வாசகர் ஒருவர், வெள்ளவத்தை

பதில்: நடு இரவில் இரண்டு குழந்தைகள் விழிக்கிறார்கள். அப்பாவைக் காணோம். கதவையும் காணோம், யன்னலையும் காணோம். இதற்கு மேல் ஒரு வீட்டில் என்ன நடக்கவேண்டும் உங்களுக்கு? நம்மவர் படங்களில் பேய் வருமுன்பே வயலின் அலறி, 'பயப்படு' என்று ஆணையிட்டுவிடுகிறது. அதற்குப் பழகிய காதுக்கு, அலறல் இல்லாத இடமெல்லாம் வெறும் இடம். பின்னணி இசையைப் பற்றி மறுபடியும் தொடங்கிவிட்டேன் என்று பழைய வாசகர்கள் சலித்துக்கொள்ளலாம். அந்த வயலின் ஓயும்வரை நானும் ஓயப்போவதில்லை.

படத்தின் இயக்குநர் கைல் எட்வர்ட் பால், மற்றவர்கள் எழுதியனுப்பிய கெட்ட கனவுகளை யூடியூப்பில் குறும்படங்களாக எடுத்து வந்தவர். பெற்றோர் இல்லாத வீட்டில் தனியே அகப்பட்டுக்கொள்ளும் கனவு பலருக்கும் வந்திருந்தது. அதையே எட்மண்டனில் தான் வளர்ந்த வீட்டில் வைத்துப் படமாக்கினார். குழந்தைகளின் முகத்தைக்கூட அவர் சரியாகக் காட்டுவதில்லை. கதவு நிலையின் மேல்மூலை, தரையோரம், பழைய கார்ட்டூனின் வெளிச்சம் விழும் கம்பளம். இருட்டில் புள்ளிகள் நெளிந்துகொண்டே இருக்கின்றன. உற்றுப் பார்த்தால் அதற்குள் ஒரு முகம் இருக்கிறது. இன்னும் உற்றுப் பார்த்தால் இல்லை. 2022இல் திரைப்பட விழாவொன்றின் இணையத் திரையிடலிலிருந்து களவுபோன இந்தப் படம், 2023 ஜனவரியில் திரையரங்குகளுக்கு வந்து 20 லட்சம் அமெரிக்க டொலருக்கு மேல் வசூலித்தது. திட்டியவர்களும் டிக்கெட் வாங்கித்தான் திட்டினார்கள்.

எங்கே பார்த்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. கொழும்புக் காலி வீதி இரைச்சலில், பஸ்ஸில், கைபேசியில் பார்த்திருந்தால் படத்தின் மேல் பழி போடாதீர்கள். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லாமல் கிடந்தோமே! மாடிக் குடியிருப்பில் லிப்ட் நின்றுபோய், இருட்டுப் படிக்கட்டில் யாரோ ஏறிவரும் செருப்புச் சத்தம் எந்த மாடியில் நிற்கப்போகிறது என்று காதைக் கொடுத்துக் கேட்டவர்களுக்கு இந்தப் படம் புரியும்.

என் கோபமெல்லாம், 'பணமில்லை, ஆகவே படமில்லை' என்று வருடக்கணக்காக என்னோடு மல்லுக்கு நிற்கும் கொழும்புத் திரைக்காரர்கள் மேல்தான். 1968இல் அமெரிக்க இயக்குநர் ஜோர்ஜ் ரொமேரோ சொக்லேட் பாகை இரத்தமாக ஊற்றி 'நைட் ஒஃப் த லிவிங் டெட்' பேய்ப் படத்தை எடுத்தார். இலங்கையின் முதல் தமிழ்ப் படமான 'சமுதாயம்' 1962இல் செலவு குறைந்த 16 மில்லிமீற்றர் பிலிமில்தான் வந்தது. கொட்டாஞ்சேனையில் அம்மம்மா வீடு இன்னும் விற்காமல் இருக்கிறதா? அதன் பின்கட்டில் கமராவை வையுங்கள். மோகினி வேடத்துக்குச் சென்னையில் ஆள் தேடவேண்டாம், மோகினியே வேண்டாம். வயலினும் வேண்டாம். எடுத்து முடித்துவிட்டு எனக்கு எழுதுங்கள். முதல் காட்சிக்கு மண்டப வாடகை என் பொறுப்பு.