கடையில் அதிரும் ஹெட்போன் மண்டபத்தில் உதவுமா?

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வசிக்கிறேன். இங்கும் புதுச்சேரியிலும் திருமண வரவேற்புகளில் டி.ஜே. நிகழ்ச்சி நடத்துகிறேன். இப்போதுள்ள ஹெட்போனை இரண்டு மணி நேரம் மாட்டினால் காது வலிக்கிறது. நான் மூக்குக்கண்ணாடி அணிபவன். கடையில் கிடைக்கும் சில நிமிடங்களில் ஒலித்தரத்தையும் வசதியையும் எப்படிக் கணிப்பது? தெரிந்தவர் ஒருவர், பில் வேண்டாம் என்றால் பாதி விலைக்கு ஒரிஜினல் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: பில் இல்லாமல் வாங்காதீர்கள். அதற்கான காரணங்களைப் பிறகு சொல்கிறேன். முதலில் ஒலித்தரம்.

காதில் வைத்தவுடன் நெஞ்சு அதிரும்படி பேஸ் (தாழ்ந்த, கனத்த ஒலி) கொடுக்கும் ஹெட்போனைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். உங்களுக்கு வேண்டியது பாட்டை ரசிப்பதற்கான கருவி அல்ல. மண்டபம் முழுவதும் ஒரு பாட்டு முழங்கிக்கொண்டிருக்கும்போது, அடுத்துப் போடப்போகும் பாட்டின் முதல் அடி எங்கே விழுகிறது என்பதை அந்த இரைச்சலுக்கு நடுவிலும் பிரித்துக் காட்டுகிற கருவிதான் உங்களுக்குத் தேவை. அமைதியான, குளிரூட்டப்பட்ட கடையில் இனிமையாகக் கேட்கும் மிகையான பேஸ், மண்டபத்தின் சப்ஊஃபர் (பேஸுக்கான பெரிய ஒலிபெருக்கி) அதிர்வோடு சேரும்போது கலங்கிப்போய் தாளத்தையே மறைத்துவிடும்.

ஆகவே கடைக்காரர் போடும் பாட்டை வைத்து முடிவு செய்யாமல், உங்களுக்கு மனப்பாடமான பாடல்களை உங்கள் கைபேசியிலேயே கொண்டுபோங்கள். அவற்றோடு ஒரு நாகஸ்வரக் கச்சேரிப் பதிவையும் வைத்துக்கொள்ளுங்கள். தவிலின் இடப்பக்கமான தொப்பியில் குச்சி விழும் அடியும், கூடு போட்ட விரல்கள் வலப்பக்கமான வலந்தலையில் எழுப்பும் கணீரென்ற ஒலியும், குறைந்த ஒலியளவிலும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். தொப்பியின் அடி ‘தொம்’ என்று நீண்டு அடுத்த அடியின் மேல் படிந்தால், அந்த ஹெட்போனில் பேஸ் செயற்கையாக ஏற்றப்பட்டிருக்கிறது என்று கொள்ளலாம். இரண்டு ஹெட்போன்களை ஒப்பிடும்போது சற்று உரக்க ஒலிப்பதே நல்லதாகத் தோன்றும். இது மனிதக் காதின் பொதுவான மயக்கம். 32 ஓம் (மின்தடை அளவு) ஹெட்போன் பெரும்பாலும் கைபேசியில் 250 ஓம் ஹெட்போனைவிட உரக்கக் கேட்கும் என்பதால், ஒவ்வொன்றுக்கும் ஒலியளவைச் சரிசெய்து சமமாக்கிய பிறகே ஒப்பிட வேண்டும்.

பிறகு பாட்டை நிறுத்திவிட்டு, ஹெட்போனை மாட்டியபடியே கடையின் வாசல் வரை வந்து நில்லுங்கள். நேரு வீதியோ லாரன்ஸ் சாலையோ, தெருவின் வண்டிச் சத்தம் எந்த அளவுக்கு அடங்குகிறது என்பதைக் கவனியுங்கள். வெளிச்சத்தம் எவ்வளவு தடுக்கப்படுகிறதோ அவ்வளவு குறைந்த ஒலியில் நீங்கள் வேலை செய்யலாம். இது காதின் ஆயுளைப் பற்றிய விஷயம். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் வரை என்று வைக்கப்பட்டுள்ள எல்லை, ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் பாதியாகி, 100 டெசிபலில் 15 நிமிடமாகச் சுருங்கிவிடுகிறது. நிகழ்ச்சி முடிந்த பிறகு காதில் ரீங்காரம் கேட்டால் ஹெட்போனை மாற்றுவதோடு நிறுத்தாமல், காது மருத்துவரிடமும் காட்டுங்கள்.

பெட்டியில் அச்சடித்திருக்கும் எண்களைப் பொருட்படுத்த வேண்டாம். 5 முதல் 30,000 ஹெர்ட்ஸ் வரை என்று போட்டிருப்பார்கள். மனிதக் காது கேட்பதோ ஏறக்குறைய 20 முதல் 20,000 வரைதான். ஹெட்போன் தலையை எவ்வளவு விசையோடு அழுத்துகிறது என்பதை மட்டும் பெரும்பாலான பெட்டிகளில் எங்குமே காண முடியாது. உங்கள் காது வலிக்குக் காரணமான அந்த ஒரு தகவலை விட்டுவிட்டு, வேண்டாத எண்களையெல்லாம் பெரிய எழுத்தில் அச்சிடுவதை எத்தனை காலம்தான் பொறுத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

புளூடூத் வேண்டாம். நிமிடத்துக்கு 120 அடிகள் கொண்ட பாட்டில் ஓர் அடிக்கும் அடுத்ததற்கும் இடையே அரை நொடிதான் இருக்கிறது. சாதாரண புளூடூத்தில் ஒலி 0.1 முதல் 0.2 நொடி வரை தாமதமாக வந்தாலே, இரண்டு பாட்டுகளின் தாளத்தையும் சேர்க்க முடியாது.

வசதியைப் பொறுத்தவரை, காதை முழுவதும் சுற்றி மூடும் வகை காது மடலை அழுத்தாது என்பதால், வலி உள்ளவர்களுக்குப் பொதுவாக அதையே பரிந்துரைப்பேன். ஆனால் நீங்கள் கண்ணாடி அணிபவர் என்பதால் இந்தப் பொது விதி அப்படியே பொருந்தாது. இதை விரிவாகச் சொல்லியாக வேண்டும். கண்ணாடியின் காம்பு குஷனுக்கு அடியில் புகுந்து அதைச் சற்றே தூக்கிவிடுகிறது. அந்தச் சிறு இடைவெளி வழியே பேஸ் கசிகிறது, வெளிச்சத்தமும் உள்ளே வருகிறது, அடி கேட்கவில்லையே என்று நீங்கள் ஒலியைக் கூட்டுகிறீர்கள். அதே நேரத்தில் குஷனின் அழுத்தம் முழுவதும் காம்பின் வழியாகக் காதின் பின்புற எலும்பில் இறங்குகிறது. இரண்டு மணி நேரத்தில் வருவதாக நீங்கள் சொல்லும் வலி பெரும்பாலும் இதுவாகவே இருக்கும். காதின் மேல் அமரும் வகையில் இது இன்னும் கடுமையாக இருக்கும். 1988இல் வெளிவந்த சென்ஹைசர் எச்டி 25 ஏறத்தாழ 140 கிராம் எடையே கொண்டது, உதிரிபாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ளலாம், உலகெங்கும் டி.ஜே.க்கள் விரும்புவது, இருந்தாலும் காது மடலைக் கண்ணாடிக் காம்போடு சேர்த்து அழுத்தும் என்பதால், உங்களைப் போன்றவர்கள் நீண்ட நேரம் மாட்டிப் பார்க்காமல் அதை வாங்கக் கூடாது. கண்ணாடியோடு ஹெட்போனை மாட்டிப் பாட்டைக் கேளுங்கள். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதே பகுதியைக் கேளுங்கள். பேஸ் பெரிதாக மாறினால் அந்த ஹெட்போன் உங்களுக்குரியது அல்ல. தடித்த, மென்மையான குஷனும், காம்பு மெல்லியதாக உள்ள கண்ணாடிச் சட்டமும் சேர்ந்தால் சிக்கல் பெருமளவு குறையும். குறைந்தது இருபது நிமிடம் மாட்டியிருங்கள், குனிந்து பாருங்கள், ஒரு பக்கத்தைப் பின்னுக்குத் திருப்பி ஒற்றைக் காதில் கேட்டுப் பாருங்கள். இருபது நிமிடம் தர மறுக்கும் கடையில் வாங்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

இனி அந்தப் பாதி விலை. ஒரு காலத்தில் புதுச்சேரியில் விற்பனை வரி குறைவாக இருந்ததால் பல பொருள்கள் அங்கே மலிவாகக் கிடைத்தன. அந்த நினைவை வைத்துத்தான் இன்றும் இடைத்தரகர்கள் ‘பாண்டி விலை’ என்று சொல்லிக் கடலூர் இளைஞர்களை அழைத்துப் போகிறார்கள். 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. வந்துவிட்டது, ஹெட்போனுக்குக் கடலூரில் என்ன வரியோ அதுவேதான் புதுச்சேரியிலும். பில் இல்லாத பாதி விலைப் பொருள் ஒன்று போலியாக இருக்கும், அல்லது உத்தரவாதம் இல்லாததாக இருக்கும். போலியின் பெட்டியும் முத்திரையும் அசலைப் போலவே இருப்பதால் கண்ணால் பார்த்து ஏமாறாமல் தப்பிவிடலாம் என்று நம்பாதீர்கள். பில்லில் ஜி.எஸ்.டி. எண் புதுச்சேரிக் கடையானால் 34 என்றும், கடலூர்க் கடையானால் 33 என்றும் தொடங்க வேண்டும். பெட்டியில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை ஆகியவை இருக்க வேண்டும். இதற்கான விதிகள் 2011ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டன. அவற்றை அலமாரிகளில் யாராவது ஒழுங்காகச் சோதித்திருந்தால், நீங்கள் இந்தக் கேள்வியை எழுதவே தேவை இருந்திருக்காது. பில் தர மறுப்பதே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. புகாருக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915ஐ அழைக்கலாம். ஆனால் கையில் பில் இல்லாதவர் எதைக் காட்டிப் புகாரை நிரூபிப்பார்?

பணம் செலவழிக்கும் முன் ஒன்றைச் செய்து பாருங்கள். நம் கடற்கரை ஊர்களின் ஈரப்பதத்திலும் வியர்வையிலும் செயற்கைத் தோல் குஷன்கள் விரைவில் உரிந்து, உள்ளிருக்கும் பஞ்சு தட்டையாகிவிடும். அதன் பிறகு காது நேராக உள்ளேயிருக்கும் பிளாஸ்டிக்கில் படும். உங்கள் பழைய ஹெட்போனின் குஷனை விரலால் அழுத்திப் பாருங்கள். அது மீண்டும் எழும்பவில்லை என்றால், முதலில் அந்த மாடலுக்குரிய தடித்த குஷனை மட்டும் வாங்கிப் போட்டு ஒரு நிகழ்ச்சி நடத்திப் பாருங்கள். வலி குறைந்துவிட்டால் இந்த ஆண்டு புதிய ஹெட்போன் வாங்க வேண்டிய அவசியமே இல்லை.