காண்ட்ராக்ட், எக்ஸ்டென்ஷன், ஃப்ரீ டிரான்ஸ்ஃபர்: ரங்கூன்ல இருந்து கேள்வி பதில்

வணக்கம் மக்களே. ரங்கூன்ல ஒரு கிளப்புக்கு ரொம்ப வருஷம் பிளேயர் ரெஜிஸ்ட்ரேஷன் வேலை பாத்தவன் நான். காண்ட்ராக்ட் பேப்பர், ஐடிசி (நாடு விட்டு நாடு மாறுற பிளேயருக்கான சர்டிபிகேட்), டிஎம்எஸ்ல (டிரான்ஸ்ஃபருக்கான ஃபிஃபாவோட ஆன்லைன் சிஸ்டம்) ஏத்துறது எல்லாம் என் கை வழியா போனதுதான். டீக்கடையில மேட்ச் பாக்குறப்போ நீங்க கேக்குறதும், பிள்ளைங்களை பெத்தவங்க வந்து கேக்குறதும் நிறைய சேந்துடுச்சு, அதனால இன்னைக்கு ஒரேயடியா உக்காந்து பதில் எழுதுறேன்.

ரங்கூன் தாமுவே ஏரியா, லிவர்பூல் ரசிகர்: அண்ணே, ட்ரென்ட் அலெக்ஸாண்டர்-ஆர்னால்டை சின்ன வயசுல இருந்து வளத்தாங்க, கடைசியில ரியல் மாட்ரிட் சும்மாவே தூக்கிட்டு போயிடுச்சே, இவ்வளவு பெரிய கிளப் எப்படிண்ணே கோட்டை விட்டுச்சு?

தம்பி, வயித்தெரிச்சல் எனக்கும்தான். ஆனா முழுசா சும்மா போகல. அவன் காண்ட்ராக்ட் 2025 ஜூன் 30ல முடியறதா இருந்துச்சு, கிளப் உலகக் கோப்பை ஜூன் நடுவுலயே ஆரம்பம், அதனால அந்த ஒரு மாசம் முன்னாடியே விடுறதுக்கு மட்டும் மாட்ரிட் ஒரு கோடி யூரோ கிட்ட குடுத்துச்சு. ஒரே ஒரு மாசத்துக்கு அவ்வளவுன்னா, ரெண்டு வருஷம் பாக்கி இருக்கிறப்பவே வித்திருந்தா என்ன வந்திருக்கும்னு நீயே கணக்கு போட்டுக்க.

இதுல பாக்க வேண்டியது ஒன்னுதான், பாக்கி மாசம். மூணு வருஷம் இருந்தா கிளப் சொல்றதுதான் விலை. ரெண்டு வருஷம் ஆயிட்டா எக்ஸ்டென்ஷன், அதாவது காண்ட்ராக்ட்டை நீட்டுற பேச்சு ஆரம்பிச்சிருக்கணும். கடைசி ஒரு வருஷம் வந்துட்டா விக்கிறதா வச்சுக்கிறதான்னு கிளப்புக்கு தூக்கம் போயிடும். கடைசி ஆறு மாசம்னா எல்லாம் பிளேயர் கையில, ஏன்னா ஃபிஃபா ரூல்படி அப்ப அவன் வேற கிளப்போட முன்கூட்டியே கையெழுத்து போடலாம், பேசுறதுக்கு முன்னாடி அந்த புது கிளப் இப்ப இருக்கிற கிளப்புக்கு எழுத்துல தகவல் சொன்னா போதும். இங்கிலாந்துல மட்டும் ஒரு வித்தியாசம், ஜனவரியில இருந்து வெளிநாட்டு கிளப்போடதான் போட முடியும், இன்னொரு இங்கிலீஷ் கிளப்போட முடியாது. எரிக்சன்ங்கிற பிளேயரை ஸ்பர்ஸ் (லண்டனோட டாட்டன்ஹாம் கிளப்) 2020 ஜனவரியில இத்தாலியோட இன்டர் கிளப்புக்கு ரெண்டு கோடி யூரோ அளவுக்கு வித்தது இந்த பயத்துலதான், ஆறு மாசம் போனா அதுவும் கிடைக்காது.

ட்ரென்ட் போன அதே சீசன்ல லிவர்பூல்ல சாலாவும் வான் டைக்கும் கடைசி வருஷத்துலதான் இருந்தாங்க, 2025 ஏப்ரல்ல ரெண்டு பேரும் 2027 வரைக்கும் கையெழுத்து போட்டாங்க. ஏப்ரல் வரைக்கும் இழுத்தது கிளப்போட தப்புன்னுதான் நான் சொல்வேன், முப்பது தாண்டின ஆளுக்கு எத்தனை வருஷம் குடுக்குறதுன்னு யோசிக்கிறது நியாயம், ஆனா ட்ரென்ட் மாதிரி 26 வயசு பையன் விஷயத்துல யோசிக்க என்ன இருக்கு?

பெகு, காலேஜ் மாணவர்: போஸ்மன் போஸ்மன்னு சொல்றாங்களே, யாருண்ணே அது?

இந்த ஆளை மறக்கவே கூடாது. ஜான் மார்க் போஸ்மன், பெல்ஜியத்துல லியேஜ் கிளப்புல ஆடினவர். 1990ல காண்ட்ராக்ட் முடிஞ்சு போச்சு, பிரான்ஸ்ல டன்கர்க் கிளப்புக்கு போகணும்னார், ஆனா அந்த காலத்துல காண்ட்ராக்ட் முடிஞ்சாலும் பழைய கிளப்புக்கு காசு குடுத்தாதான் போக முடியும். காசு ஒத்து வரல, கிளப் இவரை விடல, சம்பளத்தையும் பயங்கரமா குறைச்சிட்டாங்க. அவர் கோர்ட்டுக்கு போனார், அஞ்சு வருஷம் அலைஞ்சார், 1995 டிசம்பர் 15ல ஐரோப்பிய நீதிமன்றம் காண்ட்ராக்ட் முடிஞ்சா ஆளு சுதந்திரம்னு தீர்ப்பு சொல்லிச்சு. 1999ல மெக்மானமன் லிவர்பூல்ல இருந்து மாட்ரிட் போனது, 2001ல சோல் கேம்பெல் ஸ்பர்ஸ்ல இருந்து ஆர்சனலுக்கே போனது, 2014ல லெவண்டோவ்ஸ்கி பேயர்ன் போனது, 2024ல எம்பாப்பே மாட்ரிட் போனது எல்லாம் அவர் திறந்து விட்ட கதவுதான். அவர் ஆட்ட வாழ்க்கை மட்டும் அந்த கேஸோடயே கரைஞ்சு போச்சு, அதை நெனச்சா எனக்கு இன்னும் மனசு கேக்காது.

மோல்மீன், கடை வச்சிருக்கிற அண்ணன்: ஃப்ரீன்னு சொல்றாங்க, ஆனா கோடி கோடியா செலவாகுதுன்னும் சொல்றாங்க. எது நிஜம்?

ரெண்டும்தான். பழைய கிளப்புக்கு போக வேண்டிய காசு இல்ல, அவ்வளவுதான் ஃப்ரீ. அந்த காசுல பெரிய பங்கு சைனிங் போனஸா பிளேயருக்கும், கமிஷனா ஏஜென்டுக்கும், கூடுதல் சம்பளமாவும் போயிடும். போக்பாவை பாருங்க, 2012ல மான்செஸ்டர் யுனைடெட்ல இருந்து இத்தாலியோட யுவென்டஸுக்கு கிட்டத்தட்ட சும்மா போனான், 2016ல அதே யுனைடெட் 8 கோடியே 90 லட்சம் பவுண்டு குடுத்து திரும்ப வாங்கிச்சு, 2022ல மறுபடியும் காண்ட்ராக்ட் முடிஞ்சு சும்மாவே யுவென்டஸ் போனான். ஒரே பிளேயரை ஒரே கிளப் ரெண்டு தடவை கிட்டத்தட்ட பைசா வாங்காம விட்டுச்சு.

ரங்கூன் சான்சாவ்ங் ஏரியா, ஸ்பர்ஸ் ரசிகை: சோனுக்கு ஒரு வருஷம் நீட்டிச்சுட்டு அதே வருஷம் வித்தாங்களே, அது ஏமாத்து வேலை இல்லையா அண்ணா?

இல்லம்மா, அது ஆப்ஷன். காண்ட்ராக்ட் போடுறப்பவே "கிளப் விரும்பினா இன்னும் ஒரு வருஷம்"னு ஒரு வரி சேத்திருப்பாங்க, பிளேயரும் அன்னைக்கே ஒத்துக்கிட்டு கையெழுத்து போட்டிருப்பார், அதனால நீட்டுறப்போ திரும்ப அவர்கிட்ட கேக்க வேண்டியதில்ல. 2025 ஜனவரியில ஸ்பர்ஸ் அதை எடுத்து 2026 வரைக்கும் நீட்டிச்சு, ஆகஸ்ட்ல லாஸ் ஏஞ்சல்ஸ் கிளப்புக்கு வித்துச்சு. அந்த வரி மட்டும் இல்லைன்னா ஜூன்லயே அவர் சும்மா போயிருப்பார். எம்பாப்பேவோடது தலைகீழ், அங்க ஆப்ஷன் பிளேயர் கையில இருந்துச்சு, 2025 வரைக்கும் நீட்ட மாட்டேன்னு 2023 ஜூன்லயே அப்ப ஆடிக்கிட்டிருந்த பாரிஸ் கிளப்புக்கு சொல்லிட்டான். ஆப்ஷன் யார் கையிலன்னு பாக்காம எவ்வளவு வருஷ காண்ட்ராக்ட்னு மட்டும் பாக்குறது பிரயோஜனமே இல்ல.

செல்சி ரசிகர்: எங்க கிளப் எட்டு வருஷம் எட்டரை வருஷம்னு போட்டுச்சே, எதுக்கு?

கணக்கு புத்தகத்துக்காக. ஒருத்தனை 8 கோடிக்கு வாங்கி எட்டு வருஷம் போட்டா வருஷத்துக்கு ஒரு கோடிதான் செலவா எழுதலாம், அஞ்சு வருஷம்னா 1 கோடி 60 லட்சம். முட்ரிக், என்சோ எல்லாம் 2023 ஜனவரியில அப்படி வந்தவங்க. அதே வருஷம் ஜூலையில ஐரோப்பிய ஃபுட்பால் அமைப்பான யுஇஎஃப்ஏவும் டிசம்பர்ல பிரீமியர் லீக்கும் சேந்து, காண்ட்ராக்ட் எவ்வளவு நீளமா இருந்தாலும் செலவை அஞ்சு வருஷத்துக்கு மேல பிரிக்கக் கூடாதுன்னு கதவை சாத்திட்டாங்க.

மெஸ்ஸி வெறியன்: பார்சிலோனா நெஜமாவே வச்சுக்க நெனச்சுதா?

ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்ட விஷயம் தம்பி அது. பழைய காண்ட்ராக்ட் 2021 ஜூன் 30ல முடிஞ்சது, புதுசு போடுறதுக்குள்ள தேதி தாண்டிடுச்சு, தேதி தாண்டினா ஸ்பெயின் லீக்கான லா லிகா கணக்குல மெஸ்ஸியே புது ரெஜிஸ்ட்ரேஷன் ஆயிடுறார். கிளப்போட சம்பள வரம்புல இடமே இல்ல, பாதி சம்பளம் குறைச்சுக்கிறேன்னு மெஸ்ஸி சொல்லியும் பேப்பர் ஏறல. முந்தின வருஷம் அவரே போறேன்னு சொன்னப்போ, சும்மா போக இடம் குடுத்த ஷரத்தை ஜூன் 10க்குள்ள பயன்படுத்தியிருக்கணும்னு 70 கோடி யூரோ கேட்டு நிறுத்தி வச்ச கிளப், அடுத்த வருஷம் ஒரு யூரோ வாங்காம அழுதுக்கிட்டே அனுப்பிச்சு.

அமெரிக்காவுல சொந்தக்காரங்க இருக்கிற ஒருத்தர்: அங்க இருக்கிற ஃபுட்பால்லயும் இப்படித்தானா?

அது வேற ஆட்டம், வேற ரூல். அங்க இருக்கிற என்எஃப்எல் லீக்ல டீம் மொத்த சம்பளத்துக்கும் கேப், அதாவது வரம்பு உண்டு, காண்ட்ராக்ட் முடிஞ்ச ஒரு ஆளை மட்டும் ஃபிரான்சைஸ் டேக் போட்டு இன்னொரு வருஷம் புடிச்சு வைக்கலாம். நம்ம ஃபுட்பால்ல அப்படி புடிக்க முடியாது.

தாய்லாந்து பார்டர் ஊர் மியாவதி, ஒரு அம்மா: என் பையனுக்கு 16 வயசு. தாய்லாந்து அகாடமி ஒன்னுல இருந்து ஆளு வந்து அஞ்சு வருஷ பேப்பர்ல கையெழுத்து கேக்குறாங்க. போடலாமா?

அக்கா, போடாதீங்க, முதல்ல இதை முழுசா படிங்க. 18 வயசுக்கு கீழ இருக்கிற பையனை நாடு விட்டு நாடு மாத்துறதை ஃபிஃபா தடுத்து வச்சிருக்கு, சில விலக்குதான் உண்டு. குடும்பமே வேற வேலைக்காக அந்த ஊருக்கு போயிருந்தா ஒன்னு. உங்களுக்கு பொருந்தக்கூடியது இன்னொன்னு, பார்டர்ல இருந்து 50 கிலோமீட்டருக்குள்ள வீடு, பக்கத்து நாட்டுல கிளப்பும் 50 கிலோமீட்டருக்குள்ள, பையன் வீட்டுலயே தங்கணும், ரெண்டு நாட்டு ஃபெடரேஷனும் ஒத்துக்கணும். பார்டருக்கு அந்தப் பக்கம் இருக்கிற தாய்லாந்து ஊர் மே சோட் பக்கம் கிளப்னா யோசிக்கலாம், பாங்காக்னா இந்த விலக்கே கிடையாது. அப்புறம் 18க்கு கீழ இருக்கிறவனுக்கு மூணு வருஷத்துக்கு மேல போடுற காண்ட்ராக்ட்டை ஃபிஃபா ஏத்துக்காது, அஞ்சு வருஷ பேப்பர் நீட்டுறவனுக்கு ரூல் தெரியல, இல்ல தெரிஞ்சே நீட்டுறான்.

நான் வேலை பாத்த காலத்துல ஒரு பையன் தேதி எழுதாத பேப்பர்ல கையெழுத்து போட்டுட்டு வந்தான். காப்பி கேட்டா குடுக்கல. ரெண்டு வருஷம் ஆட்டமும் இல்ல, விடுதலையும் இல்ல, கடைசியில ஃபுட்பாலையே விட்டுட்டான். அவன் இடது கால் மாதிரி நான் பாத்ததே இல்ல. அதனாலதான் இவ்வளவு அழுத்தி சொல்றேன்: தேதி இல்லாம, காப்பி இல்லாம, அவனுக்கு புரியாத பாஷையில இருக்கிற பேப்பர்ல கை வைக்க விடாதீங்க.

மலேசியாவுல ஆடுற தம்பி: மூணு மாசமா சம்பளம் வரல. விட்டுட்டு ஊருக்கு வந்துடலாமா?

பொட்டியை கட்டிக்கிட்டு வந்துடாத தம்பி, அப்படி வந்தா காண்ட்ராக்ட்டை உடைச்சது நீன்னு ஆயிடும், நஷ்ட ஈடு உன்கிட்ட கேப்பாங்க. ரெண்டு மாச சம்பளம் பாக்கி வச்சாலே ரூல் உன் பக்கம்தான். எழுத்துல நோட்டீஸ் குடு, எந்தெந்த மாசம், எவ்வளவு தொகைன்னு போடு, 15 நாளாவது டைம் குடு, அனுப்பினதுக்கு ஆதாரம் வச்சுக்க. அதுக்குள்ள குடுக்கலைன்னா நியாயமான காரணத்தோட முடிச்சுக்கலாம், பாக்கி சம்பளமும் கேக்கலாம். நீ வெளிநாட்டு பிளேயர்ங்கிறதால ஃபிஃபாகிட்டயே போகலாம், ரெண்டு வருஷத்துக்குள்ள போயிடணும். உள்ளூர் பையன் உள்ளூர் கிளப் மேல சொல்ற புகார்னா இங்க ஃபெடரேஷன்லதான் பாக்கணும்.

அதே தம்பியோட ரூம்மேட்: எனக்கு கையெழுத்து போட்டப்புறம் மெடிக்கல்ல ஃபெயில்னு சொல்லி அனுப்புறாங்க அண்ணே.

அது செல்லாது. காண்ட்ராக்ட் செல்லுமா செல்லாதாங்கிறதை மெடிக்கல் மேலயும் வொர்க் பெர்மிட் மேலயும் தொங்க விடக் கூடாதுன்னு ரூல்லயே இருக்கு. அதெல்லாம் கையெழுத்துக்கு முன்னாடி பாத்துக்க வேண்டியது கிளப்போட வேலை.

ரங்கூன், 22 வயசு மிட்ஃபீல்டர்: காண்ட்ராக்ட் முடிஞ்சு ஃப்ரீயா இருக்கேன், வெளிநாட்டுல ஒரு கிளப் கூப்பிடுது, ஆனா டிரான்ஸ்ஃபர் விண்டோ (புது பிளேயரை ரெஜிஸ்டர் பண்ற காலம்) மூடிடுச்சுங்கிறாங்க.

விண்டோ மூடுறதுக்கு முன்னாடியே உன் காண்ட்ராக்ட் முடிஞ்சிருந்தா, வேலை இல்லாத பிளேயர்ங்கிற கணக்குல மூடினப்புறமும் ரெஜிஸ்டர் பண்ண ஃபிஃபா ரூல் இடம் குடுக்குது, அந்த நாட்டு லீக் ஒத்துக்கணும், அதை மட்டும் அந்த கிளப்பை எழுத்துல சொல்ல சொல்லு. இன்னொன்னு, உனக்கு 23 முடியல, அதனால நீ ஃப்ரீயா போனாலும் உன் பழைய கிளப் தன்கிட்ட நீ பயிற்சி எடுத்த வருஷங்களுக்கு டிரெய்னிங் காம்பென்சேஷன் (வளத்ததுக்கான காசு) கேக்கலாம். ஆசியாவுல கூப்பிடுற கிளப் கடைசி பிரிவுன்னா குடுக்க வேண்டியதில்ல, அதுக்கு மேல பிரிவுன்னா வருஷத்துக்கு 10,000 டாலர், அதுக்கும் மேலன்னா 40,000. கூப்பிடுற கிளப் இது தெரிஞ்சதும் பின்வாங்குறதை நான் பாத்திருக்கேன். அதனால உன் பழைய கிளப் ஆபீஸுக்கு நாளைக்கே போ, கேக்க மாட்டோம்னு எழுதி குடுப்பாங்களான்னு கேளு, வரும்போது முடிஞ்ச காண்ட்ராக்ட்டோட காப்பியையும் பிளேயர் பாஸ்போர்ட்டையும் (எந்தெந்த கிளப்புல ரெஜிஸ்டர் ஆகி இருந்தன்னு காட்டுற பேப்பர்) வாங்கிட்டு வா. ஐடிசி அப்ளை பண்றது புது கிளப்போட வேலை, நீ பண்ண வேண்டியதில்ல, அதுக்குன்னு உன்கிட்ட யாராவது காசு கேட்டா குடுக்காத.