வாசகர் கேள்வி: சூடாகாத சீட் ஹீட்டர்

கேள்வி: ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் கார் வாங்கினோம். அம்மாவுக்கு முதுகுவலி, ஏர்கான் ஓடும்போது முதுகுக்கு இளஞ்சூடு இருந்தால் இதமாக இருக்கும் என்கிறார். முன்சீட் இரண்டிலும் ஹீட்டர் சுவிட்ச் உண்டு. அழுத்தினால் விளக்குகூட எரிவதில்லை. ஃபியூஸை எங்கே தேடுவது?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: இரண்டு சீட்டும் சேர்ந்து வேலை செய்யவில்லை, விளக்கும் எரியவில்லை என்றால் முதல் சந்தேகம் ஃபியூஸ்தான். முதலில் எஞ்சினை ஓடவிட்டு ஒருமுறை அழுத்திப் பாருங்கள். சில கார்களில் எஞ்சின் ஓடினால்தான் ஹீட்டர் வேலை செய்யும்.

ஃபியூஸ் பெட்டி பெரும்பாலும் ஓட்டுநரின் முழங்காலுக்கு மேலே, டாஷ்போர்டின் அடியில் இருக்கும். இன்னொன்று எஞ்சின் அறையில் இருக்கும். ஐரோப்பிய கார்களில் டாஷ்போர்டின் பக்கவாட்டு மூடிக்குள்ளோ காரின் பின்புறச் சாமான் அறையிலோ (பூட்) தேட வேண்டிவரும். மூடியின் உட்புற வரைபடம் உங்கள் காரில் ஜப்பானிய எழுத்தில் இருக்கலாம். கைப்பேசியில் படமெடுத்து மொழிபெயர்த்துக்கொள்ளுங்கள்.

ஃபியூஸைப் பிடுங்கிக் கண்ணால் பார்ப்பதைவிட, இருந்த இடத்திலேயே மீட்டர் வைப்பது நல்லது. சாவியை ஆனில் வையுங்கள். மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை பெயின்ட் இல்லாத போல்ட்டில் தொடுங்கள். ஃபியூஸின் தலையில் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள் தெரியும். சிவப்பு முனையை ஒவ்வொன்றிலும் வையுங்கள். இரண்டிலும் 12 வோல்ட் வந்தால் ஃபியூஸ் நன்றாக இருக்கிறது. ஒன்றில் மட்டும் வந்தால் போய்விட்டது. இரண்டிலும் வரவில்லையென்றால் ஃபியூஸைக் குற்றம் சொல்லாதீர்கள். அதற்கு முன்னால் உள்ள ரிலேயையோ (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) மெயின் ஃபியூஸையோ பார்க்க வேண்டும்.

பெட்டியில் ஹீட்டர் ஃபியூஸின் இடம் காலியாக இருக்கிறதா என்றும் கவனியுங்கள். நம் வெயிலில் இந்த ஹீட்டரை யாரும் தொடுவதில்லை என்பதால், டேஷ்கேம் பொருத்துபவர்கள் அதன் இடத்திலிருந்து மின்சாரம் எடுப்பதுண்டு.

புதிது வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். மினி, குட்டைக்கால் மினி என்ற இரண்டு ஃபியூஸ் வகைகளும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், கால் நீளம் வேறு. 10 ஆம்ப் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. பெட்டியில் என்ன எண் போட்டிருக்கிறதோ அதே ஆம்ப்தான் போட வேண்டும்.

கேள்வி: சீட் ஹீட்டருக்குப் புது 15 ஆம்ப் ஃபியூஸ் போட்ட உடனே எரிந்துபோகிறது. 30 போட்டால் நிற்கும் என்கிறார்கள். போடலாமா?
– வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: தயவுசெய்து போடாதீர்கள். அந்த வயர் 15 ஆம்புக்குக் கணக்கிடப்பட்டது. 30 போட்டால் ஃபியூஸ் தாங்கும், வயர் சூடாகி உருகும். அதுவும் உட்கார்ந்திருப்பவரின் அடியில், பஞ்சுக்குப் பக்கத்தில்.

எரிந்த ஃபியூஸை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே கரிபூசியதுபோல் கறுத்திருந்தால் நேரடி ஷார்ட். நடுக்கம்பி மட்டும் மெல்ல உருகி விலகியிருந்தால், சுமை சற்றுக் கூடியிருக்கிறது. கால்கள் சூட்டில் நிறம் மாறி, பிளாஸ்டிக் இளகியிருந்தால் பெட்டியில் ஃபியூஸைப் பிடிக்கும் இடுக்கி தளர்ந்திருக்கிறது. அப்போது ஃபியூஸ் மாற்றிப் பயனில்லை.

சீட்டுக்கு அடியில் ஹீட்டர் கனெக்டரைக் கழற்றிவிட்டு, அதே 15 ஆம்ப் புதிதாகப் போட்டு சுவிட்சை அழுத்துங்கள். ஃபியூஸ் எரிந்துபோகவில்லை என்றால் பழுது சீட்டுக்குள். அப்படியும் எரிந்துபோனால் சீட்டுக்கு வரும் வயரில். சீட் முன்பின் நகரும்போது தண்டவாளத்தில் நசுங்கிய இடத்தை முதலில் தேடுங்கள். வெள்ளத்தில் நின்ற காராக இருந்தால் கார்ப்பெட்டுக்கு அடியில் பச்சை பூத்த கனெக்டரையும் பாருங்கள்.

ஓர் எச்சரிக்கை: அங்கேயே மஞ்சள் நிறக் கனெக்டர் இருக்கும், அது ஏர்பேக். அதைத் தொடாதீர்கள். சீட்டையே கழற்றும் நிலை வந்தால் பேட்டரியின் மைனஸைக் கழற்றிச் சில நிமிடம் காத்திருந்து, வேலையை வயர்மேனிடம் விடுங்கள்.

கேள்வி: சீட்டுக்கு லெதர் மாற்றியபின் ஓட்டுநர் பக்கம் மட்டும் சூடாகவில்லை. ஃபியூஸ் நன்றாகத்தான் இருக்கிறது.
– வாசகர், ஜெலுத்தோங்

பதில்: தைத்தவர் கனெக்டரை மாட்ட மறந்திருக்கலாம், அல்லது ஹீட்டர் கம்பி அறுந்திருக்கலாம். சாவியை அணைத்து, கனெக்டரைக் கழற்றி, ஹீட்டரின் இரண்டு கம்பிகளுக்கிடையே மல்டிமீட்டரில் ஓம் (மின்தடை) பாருங்கள். சில ஓம் காட்டினால் கம்பி முழுசாக இருக்கிறது. ஒன்றுமே காட்டவில்லை என்றால் அறுந்திருக்கிறது. அறுந்த இடத்தை முறுக்கி ஒட்டவைத்தால் அந்த முடிச்சே அதிகம் சூடாகும். லெதரைப் பிரித்து, அடியில் உள்ள ஹீட்டர் பாயையே மாற்றச் சொல்லுங்கள்.