ராட்வைலர், பிட்புல் எல்லாம் பிறவியிலேயே கடிநாய்களா?

இல்லை. தாடை பெரிது, கடித்தால் காயம் ஆழம் என்பது உண்மைதான். ஆனால் இனத்தின் பெயரை மட்டும் வைத்துக் குணத்தைச் சொல்லிவிட முடியாது. 2022-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு, 18,000-க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி அவற்றை வளர்ப்பவர்களிடம் கேட்டது. 2,000-க்கும் மேற்பட்டவற்றின் மரபணுவையும் பார்த்தது. நாய்க்கு நாய் குணம் மாறுவதில் இனத்தால் விளக்க முடிவது சுமார் 9 சதவீதம்தான் என்று அது கண்டது.

வளர்ப்புக்குப் பெரிய பங்கு உண்டு. பிறந்து 3 முதல் 14 வாரத்துக்குள் குட்டி எத்தனை விதமான மனிதர்கள், சத்தங்கள், நாய்களோடு பழகுகிறது என்பது முக்கியம். நாளெல்லாம் சங்கிலியில் கிடந்தால் எந்த நாய்க்கும் எரிச்சல் ஏறும்.

கடிப்பதற்கு முன் பெரும்பாலும் நாய் சொல்லிவிடும்: உடம்பு விறைக்கும், கண்ணின் வெள்ளை தெரியும், உதட்டை நக்கும், பிறகு உறுமும். உறுமியதற்காக அடித்தால், உறுமுவதைத்தான் நிறுத்தும். பயம் அப்படியே இருக்கும். ‘திடீர்னு கடிச்சிருச்சு’ கதைகள் பல இப்படி உருவானவை. (பொமரேனியன் உறுமினால் மட்டும் சிரித்துக்கொண்டே தூக்கிக் கொஞ்சுகிறோம்!)

பெரிய நாய் வைத்திருந்தால் வெளியே கையில் பிடிக்கும் கயிறு இல்லாமல் விடாதீர்கள், வாய்க்கூடு (கடிக்க முடியாமல் வாயில் மாட்டுவது) போடப் பழக்குங்கள். சிறு குழந்தையோடு தனியே விடக்கூடாது. அது எந்த இனமானாலும்.