இலங்கைத் தோட்டத்தில் விட்டுவந்த தாய்மாமனைத் தேடுவது எப்படி?

கேள்வி: அம்மா 1974-ல் ராமேஸ்வரத்துக்குக் கப்பலேறி, தாயகம் திரும்புவோருக்கான மண்டபம் முகாம் வழியாகக் கோத்தகிரியில் டேன்டீ (அரசுத் தேயிலைத் தோட்டம்) வேலைக்கு வந்தார். அவருடைய தம்பி ஹட்டன் பக்கத் தோட்டத்திலேயே தங்கிவிட்டார். 1983 கலவரத்தோடு கடிதம் நின்றுபோனது. தேடித்தர ஒருவர் 15,000 ரூபாய் கேட்கிறார். ஆயிரம் ரூபாய்க்கு மேல் எங்களால் முடியாது. வழி உண்டா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: உண்டு. அந்த 15,000-ஐக் கொடுக்காதீர்கள். மாமாவின் பெயரை மட்டும் வைத்துத் தேடவும் வேண்டாம். மலையகத்தில் (இலங்கையின் தேயிலை மலைப்பகுதி) ராமசாமியும் பெருமாளும் தோட்டத்துக்குப் பத்துப் பேர். தோட்டமும் அதன் உட்பிரிவான டிவிசனும் தெரிந்தால்தான் ஆள் அகப்படுவார்.

வீட்டிலுள்ள காகிதங்களை முதலில் எடுங்கள்: அம்மாவின் பழைய பாஸ்போர்ட், மண்டபத்தில் தந்த குடும்ப அட்டை, இலங்கைப் பிறப்புச் சான்றிதழ், மாமா போட்ட கடிதங்களின் உறைகள். பிறப்புச் சான்றிதழில் பிறந்த இடத்தோடு, அம்மாவின் தாத்தாவும் இலங்கையில் பிறந்தவரானால் அவர் பெயரும் இருக்கும். உறையிலுள்ள அஞ்சல் முத்திரை எந்த டவுன் என்று காட்டும்.

அம்மா சொல்வது தோட்டத்து மக்கள் வழங்கும் தமிழ்ப் பெயராக இருக்கலாம். பதிவேட்டிலும் கூகுள் மேப்பிலும் இருப்பது ஆங்கிலப் பெயர். பல தோட்டங்களுக்கு இரண்டும் ஒட்டவே ஒட்டாது. ‘அப்படியொரு தோட்டமே இல்லை’ என்று பலர் தேடலைக் கைவிடுவது இதனால்தான். பக்கத்துத் தோட்டங்கள், ஆறு, சந்தைக்குப் போன டவுன் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மஸ்கெலியா என்றால் இன்னும் கவனம் வேண்டும்: பழைய டவுன் மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது.

மாமாவின் பட்டப்பெயர், எந்தக் கங்காணியின் (மேற்பார்வையாளர்) பிரட்டில் (ஆள்கணக்கில்) இருந்தார், எந்த லயம் (தொழிலாளர் வரிசை வீடு), தமிழ்நாட்டில் பூர்வீக ஊர், குலதெய்வம் எது என்பதையும் கேளுங்கள். லயத்துப் பெரியவர்கள் இவற்றை வைத்துத்தான் ஒருவரை அடையாளம் காண்பார்கள். முதலெழுத்தும் பிறந்த தேதியும் அவர்களுக்கு உதவாது.

கடல் தாண்டும் முன் இந்தப் பக்கத்தை விசாரித்துவிடுங்கள். 1984-ல் கப்பல் நிற்கும்வரை ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். மாமாவும் பிறகு வந்து கூடலூர், பந்தலூர், வால்பாறையிலோ, கேரளத்துப் புனலூர், கர்நாடகத்துச் சுள்ளியா ரப்பர் தோட்டங்களிலோ இருக்கலாம். அம்மாவின் தோட்டத்திலிருந்தே வந்த குடும்பங்கள் கோத்தகிரியில் இருந்தால் அவர்களிடமிருந்து தொடங்குங்கள். செலவே இல்லை.

பிறகு மூன்று கடிதங்கள்: தோட்டப் பாடசாலை அதிபருக்கு (தலைமையாசிரியர்) ஒன்று, மாரியம்மன் கோயில் கமிட்டிக்கு ஒன்று, தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவருக்கு ஒன்று. தோட்டத்து முகவரிக்கு வரும் தபால் ஆபீசில் இறங்கி லயத்துக்கு வராமலே தேங்கிவிடுவதுண்டு. அதிபருக்குப் போவது வகுப்பில் வாசிக்கப்பட்டு, மாலையே வீடுகளுக்குப் போய்ச் சேர வாய்ப்புண்டு. பழைய படம் ஒன்றின் நகலையும் உங்கள் வாட்ஸ்அப் எண்ணையும், எண்ணுக்கு முன் 91 சேர்த்து, கொட்டை எழுத்தில் வையுங்கள். அசல் படத்தை அனுப்பாதீர்கள். தோட்டத்துப் பெயரில் இளைஞர்கள் நடத்தும் ஃபேஸ்புக் குழு இருந்தால் அதிலும் கேளுங்கள். அங்கிருந்து கிடைக்கும் 07 எண்ணில் முதல் பூஜ்யத்தை நீக்கி 94 சேர்த்து வாட்ஸ்அப்பில் கூப்பிடுங்கள். வேலை முடிந்து வீடு திரும்பிய பிறகு, இரவு 7 மணிவாக்கில்.

தோட்டத்தில் இல்லை என்று பதில் வந்தால் மனம் தளர வேண்டாம். 1977, 1983 கலவரங்களுக்குப் பின் மலையகக் குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் நிறையவே போயின. எந்த ஊருக்குப் போனார்கள் என்று மட்டும் தெரிந்தாலும் போதும்; அவ்வூர்க் கிராம உத்தியோகத்தரிடம் வாக்காளர் பட்டியல் இருக்கும். போரிலோ கலவரத்திலோ பிரிந்தவர்களைத் தேடச் செஞ்சிலுவைச் சங்கத்தில் தனிப் பிரிவே உண்டு, கட்டணம் கிடையாது. உங்கள் கடிதம் நின்றது 1983-ல் என்பதை விண்ணப்பத்தில் அவசியம் எழுதுங்கள்.

கேள்வி: இலங்கை மாமாவைத் தேடி ஃபேஸ்புக்கில் விவரம் போட்டதும் ஒருவர் ‘நான்தான் மாமா மகன்’ என்கிறார். நம்பலாமா?
– வாசகர், வால்பாறை

பதில்: பதிவில் எல்லாவற்றையும் போட்டிருந்தால் சோதிப்பது கடினம். பாட்டியின் பெயரையும் குலதெய்வத்தையும் பதிவிலிருந்து உடனே எடுத்துவிடுங்கள். இதுவரை எங்கும் எழுதாத ஏதாவது ஒன்றை, லயத்தில் பக்கத்துக் காம்பிராவில் (அறை) யார் இருந்தார்கள் என்பது போல, அவரிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் வீட்டுப் பெரியவரிடம் கேட்டு வந்து சொல்லட்டும். அம்மாவோடு வீடியோவில் பேசும்வரை பணமோ ஆதார் நகலோ அனுப்பாதீர்கள், ஆஸ்பத்திரிச் செலவு என்று கெஞ்சினாலும்.