முதுகில் மாட்டினால் ஆல்-இன்-ஒன் ஆகிவிடுமா?

கேள்வி: வீட்டில் டாலி போடவும் பெண்ணின் படிப்புக்கும் ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்று கடைக்குப் போனேன். ஒரு மானிட்டரின் முதுகில் சின்ன டப்பாவை மாட்டி வைத்து, "இதுவும் ஆல்-இன்-ஒன்தான் மேடம், ஒயரே தெரியாது பாருங்க" என்கிறார். அப்படியா? லேப்டாப்பிலும் எல்லாம் ஒன்றாகத்தானே இருக்கிறது?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: ஒயர் தெரியாது என்பது சரி, மற்றது சரியில்லை. அவர் காட்டியது மினி பிசி, அதாவது சின்ன டப்பாவுக்குள் அடங்கிய முழுக் கம்ப்யூட்டர். மானிட்டரைச் சுவரில் மாட்டுவதற்காகப் பின்னால் நாலு ஓட்டை இருக்கும், பெரும்பாலும் 100 மில்லிமீட்டர் இடைவெளியில். அதில் ஒரு பிராக்கெட்டைப் போட்டு டப்பாவைத் தொங்கவிட்டிருக்கிறார், அவ்வளவுதான். நாலு ஸ்குரூவைக் கழற்றினால் அது தனி, இது தனி. அப்படிப் பிரிக்க வழியில்லாமல் திரையும் மதர்போர்டும் ஒரே உடம்பாக இருந்தால்தான் ஆல்-இன்-ஒன்.

கீபோர்டு வெளியே இருக்கலாம், அதில் தகராறு இல்லை. 1984-ல் வந்த ஆப்பிளின் முதல் மேகின்டாஷ் கம்ப்யூட்டரில் 9 இன்ச் திரை, பிளாப்பி டிரைவ் எல்லாம் ஒரே பெட்டியில், கீபோர்டு மட்டும் தனி. 1977-ல் கமடோர் கம்பெனி விட்ட 'பெட்' என்ற கம்ப்யூட்டர் கீபோர்டையும் கேசட் டிரைவையும்கூட விடாமல் உள்ளே சேர்த்துக்கொண்டது. ஆனால் அதே கம்பெனி 1982-ல் விட்ட கமடோர் 64 இந்தக் கணக்கில் வராது, கீபோர்டுக்குள்ளேயே முழுக் கம்ப்யூட்டரும் இருந்தாலும் டிவியில் இணைத்தால்தான் படம் தெரியும்.

லேப்டாப்பா? மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போகிற சாமானை யாரும் அப்படிச் சொல்வதில்லை. இன்றைக்கு ஆல்-இன்-ஒன் என்பது மேஜையில் உட்கார்ந்து பிளக் பாயிண்டை நம்பியிருப்பது. வேடிக்கை என்னவென்றால், பல மாடல்களில் உள்ளே இருப்பது லேப்டாப் பிராசசரும் லேப்டாப் ரேமும்தான், பேட்டரியை மட்டும் காணோம். கரண்ட் போனால் பாதி அடித்த வவுச்சரும் போகும், அதனால் யுபிஎஸ் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள் (மினி பிசிக்கும் இதே கதைதான்). என்னைக் கேட்டால், கடைக்காரர் பெயரைத்தான் மாற்றிச் சொன்னார், சரக்கு உங்களுக்குத் தோதானதுதான்: திரை போனால் திரையை மட்டும் மாற்றலாம், ஆல்-இன்-ஒன் என்றால் முழுசாகத் தூக்கிக்கொண்டு சர்வீஸுக்கு அலைய வேண்டும்.

கேள்வி: என்னிடம் பழைய 27 இன்ச் ஐமேக் இருக்கிறது, 2010 மாடல். ரொம்ப மெதுவாகிவிட்டது. வெறும் மானிட்டராக வைத்துக்கொள்ள முடியுமா?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: முடியும், உங்களுக்கு யோகம். ஐமேக்கும் ஆப்பிளின் ஆல்-இன்-ஒன்தான்; 2009 கடைசியிலும் 2010-லும் வந்த 27 இன்ச் ஐமேக்குகள் மினி டிஸ்ப்ளேபோர்ட் என்ற சின்ன வீடியோ போர்ட் வழியாக இன்னொரு கம்ப்யூட்டரின் படத்தை வாங்கிக் காட்டும். ஆனால் ஐமேக் உயிரோடு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். மதர்போர்டு போய்விட்டால் இந்த வழியும் போச்சு. 2014-ல் 5கே திரையோடு வந்த மாடலில் இந்த வசதியையே எடுத்துவிட்டார்கள். புதிதாக வாங்குகிறவர்கள் பின்பக்கம் 'எச்டிஎம்ஐ இன்' என்று ஒரு போர்ட் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், சில ஆல்-இன்-ஒன்களில் உண்டு. வெறும் 'எச்டிஎம்ஐ' என்று மட்டும் போட்டிருந்தால் அது பெரும்பாலும் படத்தை வெளியே அனுப்ப மட்டும்தான்.