வருஷ நடுவில் வரும் பிள்ளைகள் – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,
திருப்புவனம் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். தை பிறந்தால் செங்கல் சூளைக்கு வரும் குடும்பங்களின் பிள்ளைகள் நாலைந்து பேர் வந்து நிற்கிறார்கள். கையில் டி.சி. இல்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு எழுத்துக்கூட்ட வரவில்லை. ஒன்றாம் வகுப்பில் உட்கார வைக்கலாமா?
– ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,
வேண்டாம். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டதைப் பிடிக்கத் தனிப் பயிற்சி கொடுக்கச் சொல்கிறது. டி.சி. வரவில்லை என்று சேர்க்கையைத் தள்ளிப்போட 5ஆம் பிரிவு விடாது. வருஷ நடுவில் வந்தார்கள் என்று மறுக்க 15ஆம் பிரிவு விடாது. முந்தின பள்ளியைப் பெற்றோரிடம் கேட்டு, பழைய எமிஸ் எண்ணையே (கல்வித் துறையின் கணினிப் பதிவில் பிள்ளைக்குக் கொடுத்த எண்) தேடி எடுங்கள். புது எண் போட்டால் ஒரே பிள்ளை இரண்டு பிள்ளையாகிவிடும். அங்கே இடைநின்றதாகப் பதிவு கிடக்கும்.

சேர்ப்பதைவிட வகுப்புக்குள் நடப்பதுதான் பெரிய சிக்கல். இந்தப் பிள்ளைகளில் பலர் கரும்பலகையைப் பார்த்து முத்து முத்தாக எழுதிவிடுவார்கள். நோட்டைப் பார்த்து நாம் ஏமாந்துவிடுகிறோம். பலகையை மறைத்துவிட்டு, ‘படம்’ எழுதிய பிள்ளையிடம் ‘மடம்’ எழுதச் சொல்லுங்கள், அடுத்து ‘பாடம்’. முதலாவதில் நின்றால் எழுத்தே பிடிபடவில்லை. இரண்டாவதில் நின்றால் எழுத்து தெரியும், அதோடு சேரும் கால், கொம்பு போன்ற குறி தெரியாது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

குறிகளை அ, ஆ வரிசைப்படி நடத்தாதீர்கள். துணைக்காலும் (‘கா’வில் வருவது) மேல்விலங்கும் (‘கி’யில் வருவது) முதலில். உகரம் எழுத்துக்கு எழுத்து உருமாறும் (கு, சு, து), அதைச் சொல்லோடு சேர்த்துப் பழக்குங்கள். கொம்புகள் கடைசியில். ‘கெ’யில் கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது, இடமிருந்து படித்துக்கொண்டு வரும் பிள்ளை அங்கேதான் தடுக்கி விழும். ‘கோழி’யில் குறி இரண்டு பக்கமும் நிற்கும், இன்னும் சிரமம். வாரத்துக்கு ஒரு குறி போதும். இதற்குத் தினம் 40 நிமிடம். மிச்ச நேரமெல்லாம் அதன் வயதுப் பிள்ளைகளோடுதான் இருக்க வேண்டும்.

கணக்கில் கீழே இறக்கிவிடாதீர்கள். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி பேசும் வீட்டுப் பிள்ளை அது. வாய்க்கணக்காகக் கேட்டுப் பாருங்கள், வகுப்பே திரும்பிப் பார்க்கும். ‘சூளைப் பிள்ளை’ என்று யாரும் கூப்பிட விடாதீர்கள், பெயர் இருக்கிறது.

மழை இறங்கினால் சூளை நின்றுவிடும், குடும்பம் கிளம்பிவிடும். அதற்கு முன்னாலேயே எமிஸ் எண், எந்தக் குறி வரை வந்திருக்கிறது, கணக்கில் எங்கே நிற்கிறது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். தாள் தொலைந்துபோகும், அப்பா அம்மா ஃபோனிலும் படம் எடுத்து வைத்துவிடுங்கள்.